கரோமத் அக்காவின் கூரைக்கு ஆள் பிடித்த கதை

எங்கள் தெருவில் கரோமத் அக்காவைப் போல் தாராளக் கை உள்ள பெண்ணை நான் பார்த்ததில்லை. அவரைப் போல் என் பொறுமையைச் சோதித்தவரையும் பார்த்ததில்லை. இதைப் புறம் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "எழுது சபோஹத். ஆனா யாரு கூலியையும் நான் பிடிச்சு வெச்சதில்லைன்னும் சேர்த்து எழுது" என்றார். எழுதிவிட்டேன். அது உண்மையும்கூட.

அக்காவுக்கு அறுபது வயதாகிறது. இளவயதில் கூட்டுப்பண்ணையில் பருத்தி எடுக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர். அந்த வயலில் யாருக்கு என்ன வேலை என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. பருத்தி எடுக்கப் போனவள் வாய்க்கால் வெட்டுவாள், மூட்டை ஏற்றுவாள், மாலையில் தலைவர் வீட்டு விருந்துக்குக் கேரட் நறுக்குவாள். போதும் என்று எவளும் சொன்னதில்லை. அந்தப் பழக்கம் இவர் உடம்பில் அப்படியே தங்கிவிட்டது. கணவர் தவறிப்போன பிறகு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். கடைசி மகன் அப்ரோர் ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறான். அவனுக்குப் பெண் பார்த்து, பருத்தி எடுத்து முடிந்ததும் கல்யாணம் என்று நிச்சயமும் செய்தாயிற்று. மருமகளுக்கென்று முற்றத்தின் ஓரம் ஓர் அறை கட்டத் தொடங்கினார். சுவர் எழும்பிவிட்டது. கூரைதான் இல்லை. இலையுதிர்கால மழை எந்த நாளும் இறங்கலாம். நனைந்த அறைக்குள் பெண்ணை எப்படிக் கொண்டுவந்து இறக்குவது?

கூரை போட ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்கிறேன்.

கோகந்து நகருக்குப் போகும் சாலையில், வாய்க்கால் பாலத்தின் பக்கத்தில், கூலியாட்கள் விடியும்போதே வந்து நிற்பார்கள். மண்வெட்டியைத் துணியில் சுற்றித் தோளில் வைத்திருப்பார்கள். ஒரு கார் வேகத்தைக் குறைத்தால் போதும், பத்துப் பேர் சன்னலை மொய்த்துக்கொண்டு என்ன வேலை, எத்தனை ஆள் என்று கேட்பார்கள். கரோமத் அக்கா போய் இறங்கினால் மட்டும் எல்லாரும் வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். என்ன வேலை என்று கேட்டால் அவர் ஒரே பதில்தான் சொல்வார். "சின்ன வேலைதான் தம்பி. வந்து பாருங்களேன்."

வந்து பார்த்தவர்களின் கதை எனக்குத் தெரியும். இந்த அறைக்குக் கடைக்கால் தோண்ட வசந்தத்தில் இரண்டு பேர் வந்தார்கள். வந்ததும் அக்கா அவர்களை உட்காரவைத்து, தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைப் பிய்த்து வைத்து, தேநீர் ஊற்றி, பாலாடையும் ஆப்ரிகாட் பழ ஜாமும் வைத்தார். ஒரு வீட்டில் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபின் அந்த வீட்டாரிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். கடைக்கால் தோண்டினார்கள். அதோடு திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டினார்கள், சாக்கடை தூர் எடுத்தார்கள், கம்பளங்களைத் தட்டினார்கள், நோயுற்ற கன்றைத் தூக்கிக்கொண்டு மாட்டு வைத்தியரிடம் ஓடினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு துண்டு ரொட்டி வந்தது. போகும்போது கூலியை முழுசாக வாங்கிக்கொண்டு, அழுகிற முகத்தோடு போனார்கள். பாலத்தில் இந்தக் கதை பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

அக்காவுக்கு இது வஞ்சகம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒருநாள் அப்ரோர் போனில் புலம்பினானாம், செங்கல் தூக்கக் கூப்பிட்டு முதலாளி வீட்டுப் பனியையும் வாரச் சொல்கிறார்கள் என்று. அக்கா என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களும் அதைத்தானே செய்யறீங்க அக்கா" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

"என்ன பேச்சு இது? அவன் ஒரு வாய் டீ கூடக் குடுக்காம வேலை வாங்கறான். நான் அப்படியா?"

அல்லாஹ்விடம் துஆ கேட்டுவிட்டு, நானே பாலத்துக்குப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அங்கே எகம்பெர்தி என்ற மேஸ்திரியிடம் பேசினேன். நெட்டையான ஆள், நாற்பது வயதிருக்கும், சிரிக்கமாட்டார்.

"கரோமத் அக்கா வீடா?" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், மிர்ஸோஹித் என்ற குண்டு ஆள், சிரித்துவிட்டார். "அண்ணே, போங்க. ஜாம் நல்லா இருக்கும்."

"கூரை மட்டும்தான் தம்பி" என்றேன். "உத்திரம் ஏத்தணும், நாணல் பரப்பணும், மேல வைக்கோல் சேறு பூசணும். வேற எதுவும் கிடையாது. நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்புன்னா, அல்லாஹ் பேரைச் சொல்லிச் சொல்றீங்களா?"

எனக்கு அது தேவையா? ஆனாலும் சொன்னேன். தொழுகை விடாதவள் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அவர் நம்பினார். மிர்ஸோஹித்தையும் சேர்த்து நாலு பேராக வருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனையும் போட்டார். "வேலை முடியற வரைக்கும் அந்த வீட்டு ரொட்டியை நாங்க தொடமாட்டோம். எங்க சாப்பாட்டை நாங்களே கொண்டாந்துடுவோம்."

இதை அக்காவிடம் எப்படிச் சொன்னேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் வீட்டு வாசலுக்குள்ள வந்துட்டு என் ரொட்டியைத் தொடமாட்டாங்களா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ரெண்டே நாள் அக்கா. கூரை வேணுமா, வேணாமா?"

வேணும் என்று தலையாட்டினார்.

வியாழக்கிழமை வந்தார்கள். உத்திரங்களை ஏற்றி நாணல் பாயை விரித்தார்கள். மதியம் மேலேயே உட்கார்ந்து, மடியில் கட்டி வந்த ரொட்டியையும் வெங்காயத்தையும் சாப்பிட்டார்கள். தெருவே பார்த்தது. எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து, "கரோமத் அக்கா வீட்டுல மாவு தீந்துடுச்சா?" என்று என்னைக் கேட்டாள். அக்கா ஒரு தட்டில் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஏணி அடியில் வந்து நின்றார்.

"ஒரு துண்டாவது தம்பி. சுட்டது ஆறிப்போகுது."

"முடியட்டும் அக்கா" என்றார் எகம்பெர்தி மேலிருந்து.

"அந்த ஏணி ஆடுது. அதையாவது..."

"அக்கா" என்றேன் நான். தட்டோடு உள்ளே போய்விட்டார்.

மாலையில் முற்றத்துக் குழியில் மண்ணும் வைக்கோலும் கொட்டி, தண்ணீர் விட்டு, மிதித்துச் சேறு ஆக்கினார்கள். விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு ராத்திரி அது ஊற வேண்டும். ஊறாத சேற்றைப் பூசினால் காயும்போது வெடித்துவிடும், தண்ணீர் இறங்கும். எகம்பெர்தியும் இரண்டு பேரும் வாய்க்காலுக்குக் கைகால் கழுவப் போனார்கள். எனக்கு மஃரிப் தொழுகை நேரம் வந்துவிட்டது. தொழுதுவிட்டு, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு இருட்டில் நான் வருவதற்குள் எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். அக்கா சாதுவாக வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் சாதுவாக இருந்ததைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் வெள்ளி. வானம் காலையிலிருந்தே ஈயம்போல் இருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்த பிறகு வேகமாகப் பூசினார்கள். கீழே வாளியில் அள்ளிக் கொடுப்பதும் மேலே இழுப்பதுமாக அறை மூடிக்கொண்டே வந்தது. வடக்கு மூலையில் ஒரு கம்பள அகலத்துக்கு நாணல் தெரியும்போது கீழே வாளி நின்றுவிட்டது.

"சேறு இல்ல அண்ணே" என்றார் வாளிக்காரர்.

எகம்பெர்தி இறங்கி வந்து குழியைப் பார்த்தார். "நேத்து விளிம்பு வரைக்கும் இருந்துச்சே" என்றார். பிறகு மெல்ல முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். கோழிக்கூட்டின் சுவர் புதிதாக, ஈரமாக, வழவழவென்று இருந்தது. அதில் வைக்கோல் தெரிந்தது. நான் காலையிலிருந்து பத்துத் தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். என் கண்ணை என்னவென்று சொல்வது?

"யாரு?" என்றார் எகம்பெர்தி.

மிர்ஸோஹித் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து நீங்க கைகால் கழுவப் போனப்ப தண்ணி குடிக்க நின்னேன் அண்ணே. பாலாடை வெச்சாங்க. ரொட்டி வேற சூடா... சாப்பிட்டுட்டேன். அப்புறம் எப்படி மாட்டேங்கறது?"

"சின்ன வேலைதானே தம்பி" என்றார் அக்கா. "கோழிக்குக் குளிருமேன்னு..."

எகம்பெர்தி என்னைப் பார்த்தார். "நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க." மண்வெட்டியை எடுத்துத் துணியில் சுற்றத் தொடங்கினார். மற்றவர்களும் கையைத் துடைத்தார்கள். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு மறுநாள் முழுக்கப் பாவமன்னிப்புக் கேட்டேன். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் நெற்றியில் முதல் துளி விழுந்தது.

அக்கா அந்தத் திறந்த மூலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கோழிக்கூட்டுக்குப் போனார். இரண்டு கையாலும் அந்தச் சுவரைச் சுரண்டினார். பூசி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது, கனமான பூச்சு, உள்ளே இன்னும் களிபோல இருந்தது. பாளம் பாளமாகப் பெயர்த்துக் குழியில் கொண்டுவந்து போட்டார். கோழிகள் கத்தின. செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் ஊற்றித் தானே மிதிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கியது. முழங்கால் வலிக்காரி.

"கூரைதான் தம்பி" என்றார் மிதித்துக்கொண்டே. "கூரை மட்டும்தான். வேற வேலை இல்ல."

நான் என்ன செய்ய முடியும்? பிஸ்மி சொல்லிக் குழியில் இறங்கினேன். சேறு ஐஸ்போல் இருந்தது. எகம்பெர்தி சுற்றிய துணியைப் பிரித்தார். "கட்டி நிக்கப்படாது, நல்லா மிதிங்க" என்று எங்கள் இருவரையும் அதட்டிவிட்டு ஏணியில் ஏறினார். மிர்ஸோஹித் கோழிக்கூட்டில் மிச்சம் இருந்ததைச் சுரண்டி வந்தார். மழை வலுப்பதற்குள் மூலை அடைபட்டது. அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கல் வைத்தார்கள். உள்ளே போய் அக்கா அறையின் தரையைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு புலாவ் வந்தது. காலையிலேயே இறைச்சி வெட்டி வைத்திருந்தார், சாப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமலே. எகம்பெர்தி கை கழுவிவிட்டு உட்கார்ந்து, அவரே முதல் ரொட்டியைப் பிய்த்தார். அக்காவின் கண் கலங்கியது. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஆனால் எகம்பெர்தி ஒவ்வொரு கவளத்துக்கும் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதையோ முழுங்கறீங்க அக்கா. சொல்லிடுங்க" என்றார் கடைசியில்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க தம்பி" என்றார் அக்கா. அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கூலியைக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு ரொட்டி கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாய் திறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், மனுஷி மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்தினார். என் தட்டில் இன்னும் கொஞ்சம் புலாவ் வைத்தார். மேலே ஒரு துண்டு இறைச்சியும் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் அன்பாக உட்கார்ந்திருந்தார்.

"சபோஹத்" என்றார். "உன் கால்ல எப்படியும் சேறாத்தானே இருக்கு. கோழிங்க பாவம்..."

நான் இன்னும் அஸர் தொழவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். தொழுதுவிட்டுத் திரும்பி வந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். வேறு என்ன செய்ய?