கடைமடை மாப்பிள்ளை

அடிதடி வழக்கு எந்த ஊரில் அதிகம், ஏன் அதிகம்? தஞ்சாவூரில் புள்ளியியல் படித்தபோது இதுதான் என் ஆய்வு. காவல் நிலையங்களில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வழக்கு எண்ணிக்கையைச் சாராயக்கடையோடு பொருத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. கூலிச் சண்டையோடு பொருத்தினேன், அரைகுறையாக ஒட்டியது. வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதியோடு பொருத்தினேன். அடேயப்பா! தண்ணீர் தாமதமான ஆண்டெல்லாம், வாய்க்காலின் கோடியில் இருக்கும் கடைமடை ஊர்களில் வரைபடக் கோடு எகிறிக் குதித்தது. நேரத்துக்கு வந்த ஆண்டுகளில் சாதுவாகப் படுத்துக் கிடந்தது. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன்.

ஒரே ஒரு வில்லங்கம். அந்த வரைபடத்தின் உச்சியில் நின்றது நான் ஆசைப்பட்டவரின் ஊர்.

"உச்சவரம்புச் சட்டத்துல கெடச்ச நெலத்துல பாடுபட்டுப் படிக்க வச்சது, வெட்டுக்குத்து ஊர்ல குடுக்கவா?" என்று குதித்தார் அப்பா.

"மனுசங்க மோசமில்லப்பா, தண்ணிதான் காரணம். கோட்டப் பாருங்க!"

ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கல்யாணத்துக்குள் அந்த ஊரில் ஒரு அடிதடி நடந்தாலும் சம்பந்தம் கிடையாது.

அப்பா பழுத்த கட்சிக்காரர். மந்திரமும் வேண்டாம், நல்ல நேரமும் வேண்டாம் என்று வீம்புக்கு ஆடி மாதத்தில் தேதி வைத்தார். நீடாமங்கலத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மண்டபக்காரர் ஓடிவந்து சாவி கொடுத்தார். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதே அந்தச் சமயத்தில்தானே! "தையில வைங்கப்பா" என்றேன்.

"நீயுமா பஞ்சாங்கம் பாக்குற?" என்று முறைத்தார்.

அந்த வருஷம் தண்ணீர் தாமதம். கல்யாணத்தன்று தலைமை தாங்க வந்தவர் பேச ஆரம்பித்துவிட்டார், மாப்பிள்ளையைக் காணோம். மொழியைப் பற்றிப் பேசினார், மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினார், சோடா குடித்துவிட்டு மறுபடி மொழிக்கே வந்தார். அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். நெற்றியில் பெரிய கட்டு, முழங்கால் வரை சேறு. விடியற்காலையில் மதகைத் திறக்கப்போன இடத்தில் மேல்மடைக்காரர்களோடு கைகலப்பாம்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "என் கணக்கு சரி!" என்று மாலையும் கையுமாகக் கத்தியே விட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அப்பா எழுந்து மாப்பிள்ளை எதிரே போய் நின்றார். நெற்றிக் கட்டைப் பார்த்தார். சேற்றுக் காலைப் பார்த்தார்.

"தண்ணி ஏறிடுச்சா மாப்ள?"

"பாஞ்சுக்கிட்டு இருக்கு மாமா. கடைசி வயல் வரைக்கும்."

"அப்பறம் ஏன் நிக்கிறீங்க? மாலைய எடுங்க."