தேநீர் வந்த துளை

புறக்கோட்டையின் அந்தப் பழைய கட்டடம் இப்போது அருங்காட்சியகம். மாளிகை, மருத்துவமனை, படைமுகாம் என அதன் முன்னைய பயன்களை வாசலில் எழுதியிருக்கிறார்கள். பின்கூடச் சுவரில் ஒரு துளை. ‘ஒல்லாந்தர் காலக் காற்றுத் துளை’ என்றது பலகை. வெளியே சந்துக் கடையொன்றின் இஞ்சித் தேநீர் வாசம் அதன் வழியே வந்தது.

ஐம்பதுகளில் அந்தக் கட்டடம் அரசாங்கக் கந்தோர். அப்பா அங்கே கிளாக்கர். சில சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து என்னையும் கூட்டிப்போவார். வேலை நேரத்தில் தேநீருக்கு எழுந்துபோகத் தடை. ஆகவே இதே சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து ஆடிய கல்லொன்றை அப்பா கழற்றிவிட்டார். சந்துத் தேநீர்க் கடைக்கார நானா அவ்வழியே கோப்பையை நீட்டுவார். மற்ற நேரங்களில் துளையைக் கலண்டர் மறைத்தது.

“பெரியதுரை கண்டா வேலை போயிடும்,” என்று அம்மா பயந்தார்.

ஒருநாள் கந்தோரின் தலைவரான பெரியதுரை வந்து கலண்டரைத் தூக்கினார். அப்பா வியர்த்து எழுந்து நின்றார். துரை குனிந்து துளைக்குள் சொன்னார்:

“நானா, எனக்கும் ஒண்டு. சீனி குறைச்சு.”

இப்போது அந்தப் பலகையை இன்னொருமுறை வாசித்தேன். காவலாளி அருகே வந்தார்.

“ஏதும் பிழையோ ஐயா?”

“இல்லை, தம்பி. காத்தும் வந்ததுதான்.”