இகராஷி கேட்ட கேள்வி

இகராஷி கோச் எங்கள் அணியை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. "உடல்நலக் காரணம்" என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மனிதருக்கு ஒரு ஜலதோஷம்கூடப் பிடித்து நான் பார்த்ததில்லை. உண்மைக் காரணம் தெரிந்தவர்கள் நான்கே பேர். அதில் நான் ஒருவன். பெயர் நிஷினா. பேஸ்பால் வீச்சாளர்கள் ஆட்டத்தில் இறங்குமுன் கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர். அங்கே குத்தவைத்து உட்கார்ந்து அவர்கள் எறிவதைப் பிடிப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் பிழைப்பு.

இகராஷி எஹிமே என்ற கடலோரப் பக்கத்து மீனவக் குடும்பம். பதினெட்டு வயதில் எங்களிடம் வந்தார். இடது கைக்காரர். அவர் பந்து மட்டைக்காரனின் முட்டியருகே வந்து சட்டென்று உள்ளே திரும்பும். சில வருடங்கள் இந்தத் துறைமுக ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவரை மூன்று தடவை எழுப்பிச் சூடேற்றச் சொல்வார்கள். ஒரு தடவை இறக்குவார்கள், சில நாள் அதுவும் இல்லை. மைதானத்தில் எறிந்த பந்துக்குக் கணக்கு உண்டு. புல்பென்னில் எறிந்ததை யாரும் எண்ணுவதில்லை. எண்ணியது என் உள்ளங்கை மட்டும்தான்.

வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் மறுநாளே இரண்டாம் அணிக்கு மூட்டை கட்ட வேண்டும். அதனால் எங்கள் ஊரில் எந்த வீச்சாளனுக்கும் கை வலிப்பதில்லை! மூத்தவர் கேட்டால் "பரவாயில்ல" என்று ஒரே பதில்தான். இகராஷியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இருபத்தைந்தாவது வயதில் முழங்கைத் தசைநார் அறுந்த அன்று மாலை வரைக்கும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேகம் திரும்பவில்லை. இருபத்தொன்பதில் கைகழுவினார்கள். போனால் போகிறது என்று, பயிற்சியில் மட்டைக்காரர்கள் அடித்துப் பழகுவதற்காகப் பந்து போடும் வேலையைக் கொடுத்தார்கள். தினமும் நூற்றிருபது பந்து, அடிக்க வாகாக.

"அடி வாங்கறதுக்குன்னே எறியறேன், நிஷினா. இதுலயும் நான்தான் கெட்டிக்காரன்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஆறு வருடம் கழித்துப் புல்பென்னுக்குக் கோச்சாக வந்தார். வந்த முதல் நாளே சொன்னார்: "ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் எழுப்புவேன். எழுப்பிட்டு இறக்கலேன்னா அவனுக்கு அன்னிக்கு லீவு. இன்னொண்ணு. வலிக்குதான்னு எவனையும் கேக்கக் கூடாது. கேட்டா நாமளே பொய் சொல்ல வைக்கிறோம். பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

பார்க்கவும் செய்தார். சாப்பாட்டு அறையில் யார் எந்தக் கையில் சாப்ஸ்டிக் பிடிக்கிறான், சட்டைப் பொத்தானைப் போட எவ்வளவு நேரமாகிறது, எல்லாம். சந்தேகம் வந்தால் போனில் தலைமைக் கோச்சிடம், "அவனுக்கு வயித்துப்போக்கு, இன்னிக்கு ஆகாது" என்பார். நாலு வருடத்தில் எங்கள் வீச்சாளர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஒருவன் கைகூடப் போகவில்லை. நான் அந்த மனிதரைக் கும்பிடாத குறைதான்.

அப்புறம் வந்தான் ஹினோ. இருபத்தொரு வயது, ஆரஞ்சுத் தோட்டக்காரர் மகன், வாய் பேசாத பயல். செப்டம்பர் கடைசி வாரம் அது. அன்று ஜெயித்தால் மூன்றாம் இடம் எங்களுக்கு, இறுதிச் சுற்றுகளுக்குப் போகலாம். மத்தியானம் ஹினோ இடது கையால் கரண்டி பிடித்துக் கறிச்சோறு தின்றான். வலது கைக்காரன். இகராஷி அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

எனக்கு மூன்று நாளாகவே தெரியும். அவன் பந்து கடைசியில் தாழ்ந்தது. பிடித்தால் என் கை எரியவில்லை. ஆனால் புல்பென்னில் பிடிப்பவன் விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் "நல்ல பந்து!" என்று கத்த வேண்டும், வீச்சாளனுக்குத் தெம்பு வர. மூன்று நாளும் தொண்டை கிழியக் கத்தினேன்.

எட்டாவது சுற்றில் போன் அடித்தது.

"ஹினோ ரெடியா?"

"அவனுக்கு வயிறு சரியில்ல, சார்..."

தலைமைக் கோச் போட்ட சத்தம் என் காதுவரை வந்தது. "நாலு வருஷமா உன் வயித்துப்போக்குக் கதையக் கேட்டுக் கேட்டு எனக்கே வயித்தைக் கலக்குதுய்யா! அடுத்த வருஷம் இங்க இருக்கணுமா, வேணாமா? அவன் வர்றானா இல்லையா?"

ரிசீவரைக் கையில் பிடித்தபடி இகராஷி திரும்பினார். பெஞ்சில் ஆறு வீச்சாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார்.

"ஹினோ, கை வலிக்குதா?"

ஹினோ விறைப்பாக எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"பரவாயில்ல, கோச்!"

"ரெடி" என்றார் இகராஷி போனில்.

மைதானத்தில் பதினோரு பந்து போட்டான். பன்னிரண்டாவது பந்து எங்கேயோ போய் விழுந்தது. இவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். அடுத்து வந்தவன் ஆட்டத்தை முடித்தான். ஜெயித்தோம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார். வழியில் ஒன்றே ஒன்றுதான் பேசினார்.

"நான் கேட்டேன்ல, நிஷினா? எல்லாரும் இருந்தாங்கல்ல?"

"கேட்டீங்க" என்றேன். ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை?

அறையில் ஹினோவின் அப்பா இருந்தார். விடிகாலைப் படகில் வந்திருந்தார். இனி எறிய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. எங்களைக் கண்டதும் அந்த மனிதர் ஆரஞ்சுப் பெட்டியை இகராஷியின் காலடியில் வைத்து, இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"முக்கியமான நேரத்துல எம் பையன் எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டான். மன்னிக்கணும், கோச்."

இகராஷியின் முகம் வெளுத்துப்போனது. அப்படியே தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"ஐயா, எனக்குத் தெரியும். மத்தியானமே தெரியும். கேட்டா என்ன சொல்லுவான்னு தெரிஞ்சுதான் கேட்டேன்."

அப்பா நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னார்.

"எனக்கும் தெரியும், கோச். ஞாயித்துக்கிழமையே போன்ல சொன்னான். இன்னும் ஒரு வாரந்தான், பல்லைக் கடிச்சுக்கோ, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு நாந்தான் சொன்னேன்."

கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு கிடந்த ஹினோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"எனக்கும் தெரியும்" என்றேன்.

"அப்ப நான் யார்கிட்டதான் மறைச்சேன்?" என்று கேட்டான் ஹினோ.