சங்கக் கொட்டகையின் பச்சைச் சுவர்

ஏலக்காய் பொறுக்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் நான் அங்கே இருக்க மாட்டேன். கை முறத்தில் இருக்கும். மனசு போடிமெட்டு வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும். மேகம் இறங்கிய ஏலத்தோட்டம், செடிகளுக்குள் முகம் தெரியாத யாரோ இருமும் சத்தம், எங்கு திரும்பினாலும் ஈரப் பச்சை. பல வருடம் ஜீப்பில் போய் அந்த மலையில் காய் எடுத்தவள் நான். முழங்கால் மக்கர் பண்ணியதும் கீழேயே தங்கிவிட்டேன்.

போடியில் நாங்கள் பெண்கள் பதினோரு பேர் ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கிறோம். முதலாளியும் நாங்கள்தான், வேலையாளும் நாங்கள்தான். உலர்ந்த ஏலக்காயைச் சல்லடையில் அளவு பிரித்து, நிறத்தைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி அனுப்புவது எங்கள் வேலை. ஒரு பொங்கலுக்குக் கொட்டகைக்கு வெள்ளையடிக்கும் பேச்சு வந்தபோது, பச்சைதான் அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். எனக்கு அந்த மலை வேண்டியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்காரும் ராசிங்காபுரத்து அக்கா மட்டும், "வெள்ளையே இருக்கட்டும்டி, இதென்ன கிளிக்கூண்டா?" என்றாள். நான் கேட்டால்தானே?

அதற்கப்புறம் இரண்டு முறை மதுரை வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பினார். முதல் தரத்தில் வெளுத்த காய் கலந்திருக்கிறதாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவர் போய்விட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு குடோனுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

யார் கண்ணில் கோளாறு என்று தேட ஆரம்பித்தோம். எங்களில் மூத்தவள் அக்கா. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் பொறுக்கிவைத்ததை நான் திருட்டுத்தனமாக மறுபடி பொறுக்கினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மானியம் வந்தது. எங்களைப் போன்ற சங்கங்கள் வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து யோசனை கேட்பதற்கான மானியம். அதில் தராசு வாங்க முடியாது, கூரை மாற்ற முடியாது. யோசனை மட்டும்தான் வாங்கலாம். "கூரை ஒழுகுது. இவுக என்னடான்னா பேசுறதுக்கு ஆளு தாராகளாம்" என்று அக்கா சிரித்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா மூன்று நாளைக்கு வந்தார். முதல் நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் அதே கதை. டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். என்னை மாதிரியே கனவு காண்கிறவர் போலிருக்கிறது, இதற்கு ஒரு மானியமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலையில், நான் பொறுக்கிவைத்த முதல் தரத்திலிருந்து இரண்டு கை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க."

வெயில் பட்டால் காயின் நிறம் போய்விடும். அதனால் கதவைச் சாத்தி, டியூப்லைட் வெளிச்சத்திலேயே வேலை செய்வோம். மூட்டையையும் உள்ளேயே தைத்துவிடுவோம். பொறுக்கிய காயைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிற வழக்கமே எங்களிடம் கிடையாது. இந்த அம்மா பாட்டுக்கு வாசலில் போய் நின்று முறத்தை நீட்டினார்.

பச்சைக் காய்களுக்கு நடுவே வெளுத்த காய்கள் பல்லிளித்தன. அத்தனையும் நான் பொறுக்கியவை.

"உங்க கண்ணெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் அந்த அம்மா. "சுவத்துப் பச்சை காய் மேல விழுகுது. உள்ள இருக்கிற வரைக்கும் வெளுத்த காயும் பச்சையாத்தான் தெரியும்." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். "இந்தக் கலரு யாருங்க சொன்னது?"

எல்லோரும் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காதான் வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் சேந்துதான் சொன்னோம் மேடம். மலை மாதிரி இருக்குமேன்னு."

அன்று சாயங்காலமே சுண்ணாம்பு கரைத்து, ஆளுக்கொரு சுவராகப் பிரித்துக்கொண்டு அடித்தோம். நான் அக்காவிடம் என்னவோ சொல்லப் போனேன். "வெரசா அடிடி, சோலி கெடக்கு" என்றாள். அடுத்த சரக்கு மதுரைக்குப் போனது. திரும்பி வரவில்லை. கொட்டகை இன்றைக்கும் திறந்திருக்கிறது.

இந்த ஜனவரியில் பழைய காலண்டரை மாற்றுவதற்காக ஆணியிலிருந்து கழற்றினேன். சுண்ணாம்பு அடித்த கையோடு என் இடத்துக்கு நேர் எதிரே மாட்டிய காலண்டர் அது. அதன் பின்னால் ஒரு முறம் அளவுக்குப் பச்சை அப்படியே இருந்தது, ஓரமெல்லாம் கவனமாக விட்டு அடித்த மாதிரி.

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது அக்கா.