மாமனாருக்கு நெய்ச்சாதம்

மாதுங்காவில் எங்கள் எதிர் பால்கனி நாகலக்ஷ்மி மாமிக்குக் காக்காய் பாஷை தெரியும். அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டாள். காலையில் நெய்ச்சாதம் வைத்ததும் இறங்கும் காக்காய், செத்துப்போன அவள் மாமனார். மனிதர் இடதுகாலை விந்தி நடந்தவர். காக்காய்க்கும் இடதுகாலில் விரல்கள் இல்லை. கழுத்தில் ஒரு வெள்ளை இறகு. வேறென்ன சாட்சி வேண்டும்?

உயிரோடிருந்தவரை அவர் பேச்சை மாமி காதில் போட்டுக்கொண்டதில்லை. செத்தபிறகு ஏக மரியாதை. ஒரு தடவை கரைந்தால் வேண்டாம், இரண்டு தடவை கரைந்தால் சம்மதம். எண்ணுகிற வேலை மாமியுடையது.

அறுபத்து மூன்றாம் வருஷம் மருமகள் வைதேகிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். "மாமா வேண்டாங்கறார்" என்றாள் மாமி. அவள் பிள்ளை பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டான்.

அதற்கு முந்தின ஞாயிறு, தாராவிக் குழந்தைகளுக்குப் பிராணிகளோடு பேசக் கற்றுத்தர மாமி கிளம்பினாள். சாதத்தூக்கைத் தூக்க வைதேகி. கரும்பலகையைச் சுமக்க, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத நான்.

தோல் பதனிடும் கொட்டடிக்குப் பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஜீவகாருண்யம் பேசினாள்.

"காக்காயும் நம்மளாட்டம் ஜீவன்தான். அதட்டப்படாது. மனசாரக் கூப்பிட்டா வரும், பாருங்கோ."

சாதத்தை வைத்து, "கா, கா" என்றாள். கூரை நிறையக் காக்காய்கள். ஒன்றுகூட அசையவில்லை.

"அதுக சோறு திங்காது டீச்சர்" என்றாள் கொட்டடிக்காரர் மகள் ரோஷன். "கூப்பிடுத மாதிரி நீங்க கூப்பிடலியே."

"அப்போ நீதான் கூப்பிடேன்!"

ரோஷன் வாப்பாவின் கத்தியை எடுத்துக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தாள். தோலில் ஒட்டிய கொழுப்பைச் சீவுமுன் அவர் தீட்டுகிற சத்தம். கூரையே கீழே இறங்கியது. அவள் கொழுப்பை வாரி வீசினாள். முதலில் பாய்ந்து பெரிய துண்டைக் கவ்விய காக்காய் இடதுகாலை விந்தியது. கழுத்தில் வெள்ளை இறகு.

கா என்று திறந்த மாமியின் வாய் அப்படியே நின்றது.

"அம்மா, தாத்தா!" என்றாள் வைதேகி.

"இது தெனமும் வரும் டீச்சர்" என்றாள் ரோஷன். "காலைல எங்கயோ போயிட்டு நேரா இங்க வந்துரும். நொண்டிதான், ஆனா எல்லாத்தையும் தள்ளிட்டு இதுதான் மொதல்ல திங்கும். ஒங்களுக்குத் தெரிஞ்ச காக்காயா?"

"இல்லே. அது வேற" என்றாள் மாமி.

இன்னொரு துண்டு போடட்டுமா என்று ரோஷன் கேட்பதற்குள் பாடம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமி தலைக்கு ஸ்நானம் செய்தாள்.

மறுநாள் காலை பால்கனியில் வழக்கம்போல நெய்ச்சாதம். வழக்கம்போல அது வந்தது. ஒரே தடவை கரைந்தது.

"மாமா இன்னிக்கும் வேண்டாங்கறார்" என்றாள் மாமி. குரலில் பழைய சத்தம் இல்லை.

வைதேகி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல வாயைக் கொப்புளிச்சுண்டு வந்து சொல்லச் சொல்லுங்கோ. எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு."

பேப்பருக்குப் பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மாமனார் நெய் பட்ட பருக்கைகளை மட்டும் பொறுக்கிவிட்டுத் தாராவிப் பக்கமாகப் பறந்தார்.