பூஜையன்று பதில் சொல்லாத மெஷின்கள்

குத்தாலம் சுடர்விழியின் வாய் மயிலாடுதுறை வரைக்கும் நீளும். நடவுக்கூலிக் குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, இப்போது ஸ்கூட்டரில் போய் அரிசி ஆலைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறாள். மில்லுக்குள் எலி தும்மினாலும் தன் ஸ்க்ரீனில் தெரியும் என்பாள். எலிகள் இதுவரை மறுத்ததில்லை.

மங்களாம்பிகை அம்மாவின் ஆலையில், நெல் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக் கம்ப்யூட்டர் அடிக்கடி நெட்வொர்க்கிலிருந்து கழன்றுகொண்டது. அது கழன்றால் லாரிகள் நின்றுவிடும். வரிசையின் வால் கும்பகோணத்தில் ஆடும். இதைச் சரிசெய்தால் ஆலையின் வருஷ வேலை முழுக்கச் சுடர்விழிக்கு. இல்லையென்றால் தஞ்சாவூர்க் கம்பெனிக்கு. அந்த வேலை கையில் இருந்தால்தான் அவளால் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு கடை போட முடியும்.

நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அவளுடைய லேப்டாப் ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிடும். அங்கே இருக்கிற சாதனம் பதில் கொடுக்கும். ஆலை ஓடாத நாள்தான் தோது என்று ஆயுத பூஜை மாலையில் போய் உட்கார்ந்தாள்.

லேப்டாப் தொண்டை வறளக் கூப்பிட்டது. ஆபீஸ் ரௌட்டர் மட்டும் உள்ளேன் என்றது.

"எலி தும்மினா தெரியும்னியே. இங்க யானையே தெரியலையேம்மா" என்றார் மங்களாம்பிகை.

உள்ளே போய்ப் பார்த்தாள். மெஷின்களெல்லாம் மாலையும் கழுத்துமாக, பிளக் பிடுங்கப்பட்டு, கல்யாண மாப்பிள்ளைபோல் நின்றன. கேமராவின் கண்ணிலேயே சந்தனப் பொட்டு. ஒரே ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினாள்.

"உன் வீட்டு மம்பட்டிய இன்னிக்கித் தொடுவியா?"

தொடமாட்டாள். வீட்டு மண்வெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவளே அவள்தான். அப்படியிருந்தும் நாளைத் தப்பாகப் பிடித்துவிட்டாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் தஞ்சாவூர்க் கம்பெனிக்காரன் டை கட்டிக்கொண்டு கண்முன் வந்து நின்றான்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டியபின், அம்மா தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். லேப்டாப் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கேமரா விழித்தது, பிரிண்டர் விழித்தது, எடைமேடை விழித்தது. விழிக்க விழிக்க, ஒவ்வொன்றுக்கும் பெயர் பதிந்துகொண்டே வந்தாள் சுடர்விழி. கடைசியில் கறுப்பரிசி பொறுக்கும் கலர் சார்ட்டரைப் போட்டதும், ஸ்க்ரீனில் எடைமேடை காணாமல் போனது.

"அதை அணைங்கம்மா."

அணைத்தார். எடைமேடை திரும்பி வந்தது.

இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எல்லாம் சேர்ந்து ஓடுகிற நாளில் இந்தச் சண்டை கண்ணில் பட்டிருக்காது. சார்ட்டருக்கு வேறு முகவரி கொடுத்தாள். இரண்டும் சமர்த்தாகச் சேர்ந்து நின்றன. இனி எது விழுந்தாலும், எது புதிதாக நுழைந்தாலும் போனுக்குத் தகவல் வரும்படியும் செய்துவைத்தாள்.

"வருஷ வேலை உனக்குத்தான். அடுத்த பூஜைக்கு உன் லேப்டாப்பையும் கொண்டாந்து வையி. பாவம், அதுவும் ஒரு நாள் தூங்கட்டும்."

"வைக்கிறேங்கம்மா. ஆனா மறுநாள் அதைத்தான் முதல்ல எழுப்பணும்."

திரும்புகிற வழியில், கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் ஸ்கூட்டர் தானாகவே நின்றதாம். பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது என்பவர்களை நம்ப வேண்டாம்.