பத்து நிமிட வண்டி பெங்களூர் போன கதை

வெள்ளிக்கிழமை காலை 5.40. லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டு ஷெட்டுக்குள் உட்கார்ந்து பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி முகத்தை லேசாகத் தூக்கியது. அப்புறம் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிட்டது. நாலு தரம் இதே கதைதான்.

எங்கள் ஊரில் பல வீட்டு ஷெட்களில் இப்படி ஒரு வண்டி நிற்கும். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் லீவில் வந்து வாங்குவார், நாற்பது நாள் ஓட்டுவார், கவர் போட்டு மூடிவிட்டு விமானம் ஏறிவிடுவார். பேட்டரி செத்துப் போகக்கூடாது என்பதற்காக வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் யாராவது பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பார்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. மூன்று வருடமாக ஒரு வெள்ளி கூடத் தவறியதில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, பத்து நிமிடமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி வந்த நாளிலிருந்து ஓடியது 1,140 கிலோமீட்டர்தான். சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை.

இந்த வண்டியைத்தான் விற்றுவிடுவதாக, வளைகுடாவில் இருக்கும் அத்தா, அதாவது என் அப்பா, போன வாரம் போனில் சொன்னார். ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதற்கு என்றார். திங்கட்கிழமை பார்க்க ஆள் வருவதாக ஏற்பாடு. எனக்கு வந்ததே கோபம். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிற பெண் நான், பெரம்பலூரில் டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆகிறது, நான் ஆள் இல்லையா? சண்டை போட்டேன். அத்தா சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார்.

"மூணு நாள் லீவுதானே. ஒங்க சின்னம்மா வூட்டுக்குப் பெங்களூர் போயிட்டு வா. ஸ்டியரிங்ல வேற ஒருத்தர் கையும் படக்கூடாது. வந்துட்டா வண்டி நம்மளுது. பட்டுச்சுன்னா, வர்றவர் எடுத்துட்டுப் போகட்டும்."

அப்படிப்பட்ட வண்டி ஷெட்டை விட்டே நகரவில்லை. முந்தின நாளே எடுத்துப் பார்த்திருக்கலாம். கழுவித் துடைத்து அழகு பார்த்ததோடு நிறுத்திக்கொண்டது என் திமிர்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஆறரைக்கு வந்தார். பின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "ஹேண்ட் பிரேக்க எப்ப எறக்குனீங்க?"

"எறக்கவே இல்லியே. போட்டே வைக்கணும்னு அவங்க சொல்லிட்டுப் போனாங்க."

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா."

பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிப் போயிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்ததில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றி, சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஏழரைக்கு டணாரென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. பிரேக்கைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, "நகருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடறேன்" என்று கதவைத் திறந்தவரை அம்மா தடுத்தார்.

"ஸ்டியரிங்கத் தொடாதீங்க தம்பி. பக்கத்துல ஒக்காந்து பாருங்க."

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார், பிரேக் பிடிக்கிறது என்றார். 8.05க்கு நானும் அம்மாவும் கிளம்பினோம். மூன்று வருடம் ஒரே இடத்தில் நின்ற டயர்கள் முதல் பத்து கிலோமீட்டர் கடகடவென்று முனகின, சூடேறியதும் அடங்கின.

8.55, பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட். எங்களோடு வருவதற்காக என் வகுப்புத் தோழி செல்வி இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தாள். அரியலூர்க்காரி. அவள் அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரி டிரைவர். இவளுக்கு லைசென்ஸ் கிடையாது, வாய் மட்டும் பத்து லாரிக்குச் சமம். "ஜன்னல் சீட்டு எனக்கு" என்று ஏறியவள், "ஏண்டி, சீட்ட இன்னும் கடையிலேர்ந்து பிரிக்கலயா?" என்று பிளாஸ்டிக்கைத் தட்டினாள். "அத்தா கையாலதான் பிரிக்கணும்" என்றார் அம்மா.

ஆத்தூர் வழியாகச் சேலம் சாலையைப் பிடித்தோம். மேட்டுப்பட்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய ஒரு நிமிடத்தில் அம்மாவின் போன் அடித்தது. அத்தா.

"மேட்டுப்பட்டி தாண்டிட்டீங்களா?"

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தார். விஷயம் இதுதான். பாஸ்டேக் அத்தாவின் நம்பரில் இருக்கிறது. சுங்கத்தில் காசு பிடித்தால் அவருக்கு மெசேஜ் போகும். ஓமலூரில் ஒரு போன், தொப்பூர் மலை ஏறி முடிந்ததும் பாளையத்தில் ஒரு போன். உளவுத்துறை தோற்றது.

12.40, தர்மபுரி தாண்டி ஒரு டீக்கடை. டீ 15 ரூபாய், சுமார்தான். வெயிலில் அம்மாவின் புர்கா பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு எழவே முடியவில்லை. எழுந்தவர் சீட்டை முறைத்துப் பார்த்தார். அப்புறம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உறையைப் பரபரவென்று கிழித்து எடுத்தார். பின்சீட்டு உறையை செல்வி கிழித்தாள். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. கிழித்ததை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கேட்டா காட்டணும்ல" என்றார் அம்மா.

கிருஷ்ணகிரி, ஓசூர். 3.10க்கு அத்திப்பள்ளி. கடைப் பலகைகளில் எழுத்து கன்னடத்துக்கு மாறியது. எல்லையைத் தாண்டிவிட்டேன், என் இரண்டு கைகளால். சந்தோஷத்தில் ஹார்ன் அடித்தேன். முன்னால் போன ஆட்டோக்காரர் சுத்தமான தமிழில் திட்டினார். அத்திப்பள்ளி சுங்கத்துக்கு மட்டும் அத்தாவிடமிருந்து போன் வரவில்லை.

பெங்களூர் டிராபிக்கைப் பற்றி எழுதினால் எனக்கு மறுபடி கால் வலிக்கும். சில்க் போர்டு சந்திப்பில் 500 மீட்டர் நகர 40 நிமிடம். மேம்பால ஏற்றத்தில் வண்டி இரண்டு தரம் அணைந்தது. பின்னால் அத்தனை ஹார்ன். "ஹேண்ட் பிரேக் போட்டு எடுடி" என்று செல்வி கத்த, அம்மாவே சட்டென்று அதை இழுத்துப் பிடித்தார். நான் ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் இறக்கிவிட்டார். ஸ்டியரிங் என்றுதான் அத்தா சொன்னார், ஹேண்ட் பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

6.15, சிவாஜிநகர். சின்னம்மா வீட்டுச் சந்து எங்கள் ஷெட்டைவிடக் குறுகல். இரு பக்கமும் பைக்குகள், முனையில் ஒரு கரண்ட் கம்பம். கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துவிட்டது. சின்னம்மாவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர், சிரித்தபடி வந்து ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

"எறங்கும்மா. ஒன்னால ஆகாது, நா உள்ள வுட்டுடறேன்."

உண்மையைச் சொல்கிறேன், இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். 346 கிலோமீட்டர் வந்தாயிற்று, கடைசி இருபது அடியில் யார் ஓட்டினால் என்ன, அத்தாவுக்கு எந்த மெசேஜும் போகாது. கதவைத் திறக்கக் கையை வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவளே எடுப்பா மச்சான். நீங்க கம்பத்தப் பாத்துச் சொல்லுங்க, போதும்."

முன்னால், பின்னால், முன்னால், பின்னால். ஏழு தரம் திருப்பி உள்ளே விட்டேன். கீறல் ஒன்றும் இல்லை. அம்மாவும் சின்னம்மாவும் மூன்று வருடம் கழித்துப் பார்த்துக்கொண்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பம்பரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முழுக்க பிரியாணி, கமர்ஷியல் தெருவில் நடை, கப்பன் பூங்காவில் தூக்கம். அதற்கு மேல் அந்த நாளில் ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை 6.00க்குத் திரும்பினோம். பயம் எல்லாம் தொப்பூரைப் பற்றித்தான். போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதிக்கொள்ளும் இடம். செல்வி அவள் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கும்மா. பிரேக்க மிதிச்சிட்டே வராத. பின்னால எவன் ஹார்ன் அடிச்சாலும் ஒன் காதுல விழக்கூடாது."

மூன்றாவது கியர், நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஒட்டிக்கொண்டே வந்தது. மலை முடியும்வரை என் காதில் எதுவும் விழவில்லை. ஓமலூர் பக்கம் டீக்கு நிறுத்தினால் அதே லாரியும் வந்து நின்றது. டிரைவர் இறங்கி எங்களை நோக்கி வர, சண்டைக்கு நான் துப்பட்டாவை இழுத்துச் செருகினேன்.

"நல்லா எறக்குனீங்க. ஒங்கப்பா டிரைவருங்களா?"

"எங்கப்பாங்க" என்றாள் செல்வி, டீயைக் கீழே வைக்காமலே.

மாலை 3.50க்கு வீட்டு ஷெட். மீட்டரில் 1,846. அத்தாவை வீடியோவில் கூப்பிட்டேன். அத்திப்பள்ளிக்கு ஏன் போன் வரவில்லை என்று அம்மா முதலில் அதைத்தான் கேட்டார்.

"வெள்ளிக்கெழம லீவுல்ல, ரூம்ல பத்து பேரும் மெசேஜ் எப்ப வரும்னு ஒக்காந்திருந்தோம். அத்திப்பள்ளி வந்துச்சு. எனக்குப் பேச்சு வரல, அதான் அடிக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு மெசேஜையும் அழிக்கலம்மா."

திங்கட்கிழமை வண்டி பார்க்க வந்தவர் மீட்டரைப் பார்த்து முகம் சுளித்தார். "ஓடாத வண்டின்னு சொன்னாங்களே."

"ஆமாங்க, ஓடாத வண்டியத்தான் விக்கறதா இருந்துச்சு" என்று அம்மா ஷெட்டின் கதவைச் சாத்தினார்.

பெங்களூரில் எத்தனையோ பெண்கள் புர்காவோடு ஸ்கூட்டரில் போனார்கள், காரும் ஓட்டினார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் இப்போதும் நான் வண்டி எடுத்தால் நாலு கதவு திறக்கிறது. திறக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அம்மா வழக்கம்போல டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டார். பத்து நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று, சத்தம் நிற்கவில்லை. என்னவென்று ஷெட்டுக்குள் போனேன். ஹேண்ட் பிரேக் இறங்கியிருந்தது.

"ஏறு" என்றார் பக்கத்து சீட்டைக் காட்டி. "எந்தக் கால மொதல்ல எடுக்கணும்?"